அடங்கும் நேரம்

பதிவு 611 / பங்குனி 4, காலை 06:10

நிலையம் சீர். குளம் சீர்.

மூன்றாவது வரியாக 'நான் நலம்' என்று எழுத வேண்டுமாம். தலைமையகத்தின் விதி. அந்த வரியை மட்டும் நான் ஒருநாளும் எழுதியதில்லை. பக்கத்தில் இருந்து முகத்தைப் பார்த்து, 'ஆமா, நல்லாத்தான் இருக்காரு' என்று சொல்ல ஓர் ஆள் இல்லாத இடத்தில் நலம் என்ன நலம்? கண்டித்துக் கடிதம் போட்டுப் பார்த்துவிட்டார்கள். போடட்டும். இவ்வளவு தூரம் வந்து காதைத் திருகவா போகிறார்கள்?

எனக்கு அடுத்து இங்கே வரப்போகிறவருக்காக எழுதுகிறேன். பெயர் குற்றாலிங்கம். வயது ஐம்பத்தொன்பது, ஊர் தென்காசி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சீரிஸ் என்ற குட்டிக்கோளில், பனிக்கு அடியில் இருக்கும் இந்த நிலையத்தில் நான் ஒற்றை ஆள். ஒரு குளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வேலம்பாசி என்ற நீர்ச்செடி அடர்ந்த, தரை தெரியும் தெளிந்த குளம். உள்ளே ஜிலேபிக் கெண்டைகள். நான் மூச்சுவிடும் காற்று அதிலிருந்துதான் வருகிறது, சாப்பாட்டில் பாதியும் அதிலிருந்துதான். ஆவணியில் ஆளில்லாக் கப்பல் ஒன்று சாமான் கொண்டுவந்து இறக்கும். திரும்பும்போது என்னை ஏற்றிக்கொண்டு போகும். வீட்டில் என் மனைவி சொர்ணம் இருக்கிறாள். எனக்கு வேண்டியது அந்தக் கப்பல் ஒன்றுதான்.

பதிவு 618 / பங்குனி 11, மாலை 17:40

இன்று மூன்று தட்டுச் சோதனைகளும் முடிந்தன. அது என்ன என்று விளக்கிவிடுகிறேன்.

பூமியில் என் பாடம் சிக்கலமைவு அறிவியல். ஏரி, சந்தை, உடம்பு, குடும்பம் என்று பல உறுப்புகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நிற்கும் எதுவும் எங்களுக்குப் பாடம்தான். இவை பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதில்லை. தாங்கும், தாங்கும், ஒரு நாள் பொசுக்கென்று வேறொன்றாகிவிடும். அந்த நாள் நெருங்குகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மெல்லத் தட்டிவிட்டு, பழையபடி அடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த நேரம் நீண்டுகொண்டே போனால் ஆபத்து.

குளத்தை விளக்கணைத்துத் தட்டுகிறேன். கொஞ்ச நேரம் இருட்டாக்கிவிட்டு, தண்ணீரின் பிராணவாயு எப்போது சமநிலைக்கு வருகிறது என்று பார்ப்பேன். என் உடம்பைச் சுழல் நாற்காலியில் தட்டுகிறேன். அது சுற்றும்போது பூமியில் உள்ள எடை உடம்பில் ஏறும். இறங்கியபின், எகிறிய நாடி எப்போது பழைய வேகத்துக்கு அடங்குகிறது என்று கருவி குறித்துக்கொள்ளும். இங்கே எடை பூமியில் இருப்பதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. இதயம் சொகுசு கண்டு சுருங்கிவிடும். அளவு மீறிச் சுருங்கினால் கப்பலில் ஏற முடியாது.

மூன்றாவது சோதனையைத் தலைமையகம் கேட்கவில்லை. அது என் சொந்தச் சரக்கு. புறப்படும்போது சொர்ணம் பேசிக் கொடுத்த ஒரு துண்டு என்னிடம் இருக்கிறது. "என்னங்க, சாப்ட்டீங்களா? விளக்க அணைச்சிட்டுப் படுங்க." அவ்வளவுதான். அதைக் கேட்டதும் நாடி குதிக்கும். அடங்க எவ்வளவு நேரம் என்று அதையும் குறித்து வைக்கிறேன்.

பதிவு 640 / சித்திரை 3, மதியம் 13:05

குளம் அடங்கத் தாமதமாகிறது. நாடியும் அப்படித்தான். இரண்டும் சொல்லிவைத்தாற்போல் சோம்பிக் கிடக்கின்றன. நாற்காலி நேரத்தைக் கூட்டினேன். இறங்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. தூக்கம் போதவில்லை.

வேலை போனவர்கள், ஓய்வு பெற்றவர்கள், மணமுறிவு ஆனவர்கள் என்று வாழ்க்கை தலைகீழானவர்களுக்காகத் தென்காசியில் ஞாயிறுதோறும் வகுப்பு எடுத்தேன். அதில் சொல்வேன்: "விழுந்த வழியாகவே ஏறிப் பழைய இடத்துக்குப் போக முடியாது. திரும்பும் பாதை வேறு, அது நீளம். சில பேருக்குத் திரும்பும் பாதையே கிடையாது. புது இடத்தில் நிலைக்கப் பழக வேண்டும்." கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சொர்ணம் மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வரும் வழியில் தொடங்கிவிடுவாள்: "ஊருக்கெல்லாம் மாறு மாறுன்னு சொல்லுதீங்க. சமையக்கட்டுக் கூரை ஓட்ட மாத்தணும்னா மட்டும் வருசக்கணக்கா யோசிக்கீங்களே."



பதிவு 655 / சித்திரை 18, மாலை 18:20

சொர்ணத்தின் பேச்சு வந்தது. இங்கே யாரும் நேருக்கு நேர் பேச முடியாது. ஒரு பக்கப் பேச்சு வந்துசேர அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அதனால் அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவாள்.

"என்னங்க, உங்க ஆபீஸ் டாக்டரம்மா போன் பண்ணிச்சு. நாடி சரியில்லைன்னு சொல்லுது. நீங்க அந்த நாக்காலில ஒழுங்கா உக்காருதீங்களா, இல்ல குளத்துல மீனப் பாத்துக்கிட்டு இருக்கீங்களா? இன்னொண்ணு. பால் காய்ச்சுங்கன்னு போனப்பவே சொன்னேன். இன்னும் காய்ச்சல. எப்படி வெளங்கும்?"

வேலை மாற்றலில் கோவை, புவனேஸ்வர், புனே என்று எத்தனையோ வாடகை வீடு ஏறி இறங்கியிருக்கிறோம். பெட்டியைப் பிரிக்குமுன் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சுவாள். பொங்கி வழிய வேண்டும், எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்க வேண்டும். கிழக்கே வழிந்தால் விசேஷம். புனேயில் தீய்ந்த வாடை கண்டு காவலாளி தீயணைப்பானோடு ஓடிவந்தார். அவருக்கும் சர்க்கரை போட்டு ஒரு தம்ளர் கொடுத்து அனுப்பினாள். நான் அந்த நேரத்தில் எல்லாம் ஆபீசில் இருப்பேன்.

பதில் அனுப்பினேன்: "இது வீடு இல்ல சொர்ணம், போஸ்டிங். வீடு தென்காசியில இருக்கு. அங்க வந்து குடிக்கேன் பாலை."

பதிவு 689 / வைகாசி 21, காலை 07:00

நல்ல சேதி! நாடி விருட்டென்று அடங்குகிறது. மூன்று நாளாக இப்படித்தான். நேற்று நாற்காலியை விட்டு இறங்கி முகம் துடைப்பதற்குள் அடங்கிவிட்டது. குளமும் அதேபோல் துள்ளி எழுகிறது. தண்ணீர் கொஞ்சம் பச்சை கண்டிருக்கிறது, போகட்டும். பல வாரச் சோம்பலுக்குப் பிறகு இரண்டும் ஒன்றாகத் தெளிந்திருக்கின்றன.

சொர்ணத்துக்குச் சொல்லிவிட்டேன். "வந்துட்டே இருக்கேன்டி" என்றே சொல்லிவிட்டேன். கிறுக்கன் மாதிரி குளத்தைச் சுற்றிக் குதித்தேன். இங்கே குதித்தால் தரைக்கு வர நேரமாகும். அந்தரத்தில் இருந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தேன்.

பதிவு 694 / வைகாசி 26, மாலை 16:30

சொர்ணம் படம் அனுப்பியிருக்கிறாள். வாசலில் இருந்து குளியலறை வரைக்கும் சுவரோரமாகக் கைப்பிடிக் கம்பி போட்டுவிட்டாள். கட்டிலைக் கீழே இறக்கிவிட்டாள்.

"வந்த புதுசுல உங்களுக்குக் காலு நிக்காதாம்லா, டாக்டரம்மா சொல்லிச்சு. கொத்தனார் கம்பிய உசத்தி வச்சுட்டான். எங்க வீட்டுக்காரரு என்ன ஒட்டகமான்னு கேட்டு எறக்கி வைக்கச் சொன்னேன். சமையக்கட்டு ஓட்டையும் மாத்தியாச்சு. நீங்க யோசிச்சு முடிக்க முந்தி முடிச்சிரணும்லா."

கம்பியின் படத்தைப் படுக்கைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். இன்று நாற்காலியில் மறுபடி கண்ணை இருட்டியது. இனி ராத்திரி சீக்கிரம் படுக்க வேண்டும்.

பதிவு 709 / ஆனி 9, காலை 09:15

மீனுக்கு இரை போடப் போனேன். இரை விழுவது தெரிந்தது, மீன் தெரியவில்லை. தரையும் தெரியவில்லை. கையை விட்டுத் துழாவினேன். வேலம்பாசி ஒரு இழைகூட இல்லை. அழுகிப்போய் அடியில் சேறாகக் கிடந்தது. தண்ணீர் முழுக்க நுண்பாசி, கெட்டியான பச்சை. கொஞ்சம் பச்சை கண்டிருக்கிறது என்று எழுதிய மூதேவி நான்தான்.

குளம் தேறவில்லை. சாய்ந்துவிட்டது. தெளிந்த குளமாக இருக்க முடிந்தவரை மல்லுக்கட்டியது. அதனால்தான் அடங்க நேரமானது. சாய்ந்தபின் பச்சைக் குளமாக உறுதியாக உட்கார்ந்துவிட்டது. உறுதியாக உட்கார்ந்த எதுவும் தட்டினால் உடனே அடங்கும். அடங்கும் நேரத்தை மட்டும் பார்த்தேன், எங்கே போய் அடங்குகிறது என்று பார்க்கவில்லை. இதே தவறைச் செய்த மாணவனை வகுப்பிலேயே எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன்.

அடுத்த வேலை என்ன என்று எனக்குத் தெரியும். என் நாடி வரைபடத்தைத் திறக்க வேண்டும். திறக்கவில்லை. முதலில் சாப்பிடுகிறேன்.

பதிவு 709, தொடர்ச்சி / 11:50

திறந்தேன்.

வைகாசிப் பாதி வரைக்கும் நாற்காலி சுழலும்போது இதயம் முட்டி மோதி ரத்தத்தைத் தலைக்கு ஏற்றியிருக்கிறது. அதன்பின் முயற்சியையே விட்டுவிட்டது. ரத்தம் காலில் தேங்கட்டும் என்று சும்மா இருந்திருக்கிறது. கண் இருட்டியது தூக்கம் போதாமல் அல்ல. எதிர்த்துப் போராடாத நாடி அடங்க என்ன நேரம் வேண்டும்?

டாக்டரம்மா ரிஸ்வானாவுக்கு வரைபடத்தை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அழுகிறேன். இங்கே கண்ணீர் உடனே கீழே இறங்காது. கண்ணிலேயே கட்டியாக நிற்கும், துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

பதிவு 710 / ஆனி 10, காலை 08:00

தலைமையக மருத்துவரின் பதில்.

"சார், நான் ரிஸ்வானா பேசுறேன். நீங்க கண்டுபிடிச்சது சரிதான். நாங்களும் நேரத்தை மட்டும்தான் பாத்தோம், மன்னிச்சிருங்க. கப்பல் பூமிகிட்ட வந்து வேகத்தைக் குறைக்கிறப்ப உங்க உடம்பு மேல நாலஞ்சு ஆள் ஏறி உக்காந்த மாதிரி இருக்கும். உங்க இதயம் அதைத் தாங்காது சார். பயிற்சியால திரும்பக் கொண்டுவர முடியுமான்னு எனக்குத் தெரியல. முடிஞ்சாலும் அடுத்த கப்பலுக்குள்ள முடியுமான்னு சொல்ல முடியாது. அது நாலு வருஷம் கழிச்சு. நீங்க ஏறணும்னு நின்னா நான் தடுக்க மாட்டேன். ஆனா ஏறுங்கன்னு என் வாயால சொல்ல மாட்டேன். அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நீங்களே சொல்லுங்கள் என்று எழுதிவிட்டேன். கோழைதான். இருந்துவிட்டுப் போகிறேன்.

பதிவு 731 / ஆடி 1, மாலை 19:30

சொர்ணத்திடமிருந்து பேச்சு இல்லை. வாரங்கள் ஓடிவிட்டன.

குளத்தைத் திருப்பப் பார்த்தேன். வெளிச்சத்தைக் குறைத்தேன், தண்ணீரைப் பாதி மாற்றினேன், விதைப் பெட்டியில் இருந்து வேலம்பாசியை எடுத்து நட்டேன். எல்லாம் அழுகியது. சாய்ந்த நாளில் இருந்த வெளிச்சத்துக்கும் கீழே கொண்டுபோயும் திரும்பவில்லை. இன்னும் குறைத்தால் காற்று போதாமல் நான் செத்துப்போவேன். விட்டுவிட்டேன். மீன்கள் மட்டும் பச்சைத் தண்ணீரில் கொழுத்துத் திரிகின்றன. வெட்கங்கெட்டவை.

மூன்றாவது சோதனை, அதாவது அவள் குரல்: நாடி அடங்க நெடுநேரம் ஆகிறது. சில நாள் அடங்காமலேயே தூங்கிவிடுகிறேன்.

பதிவு 768 / ஆவணி 7, காலை 05:20

கப்பல் வந்துவிட்டது. சாமானை இறக்கினேன். இருக்கை ஒன்று எனக்காகக் காலியாக இருக்கிறது.

ஏறப்போகிறேன். கணக்கு எல்லாம் எனக்குத் தெரியும், யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தாங்காது என்றால் தாங்காமல் போகட்டும். பூமிக்குப் பக்கத்திலாவது போவேன். பெட்டியைக் கட்டி, இடம் பிடிப்பதுபோல் அந்த இருக்கையில் வைத்து வார் போட்டுவிட்டேன். கம்பியின் படத்தைச் சுவரில் இருந்து எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பகலில் கதவு மூடும்.

பதிவு 768, தொடர்ச்சி / 10:45

கப்பலுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். சொர்ணத்தின் பேச்சு வந்தது. அப்படியே போடுகிறேன்.

"என்னங்க. இத்தன நாளு ஏன் பேசலன்னா, வாயத் தொறந்தா வந்துருங்கன்னு சொல்லிருவேன். அதான் பேசல. நீங்க பெட்டிய கட்டியிருப்பீங்க, எனக்குத் தெரியும். எறங்குங்க. நான் சொல்லுதேன், எறங்குங்க. கம்பி போட்ட வீட்டுக்குப் பொணமா வந்து சேந்தா நான் அந்தக் கம்பிய பாத்துக்கிட்டு எப்படி இருப்பேன்? கம்பி இருக்கட்டும், எனக்கும் வயசாகுதுல்லா, புடிச்சு நடந்துக்கிடுதேன்.

"புது வீட்டுல நான் இல்லாம பால் காய்ச்சுனதே இல்ல. நீங்க எப்பவும் ஆபீசுக்குப் போயிருவீங்க, நாந்தான் ஒத்தையில நிப்பேன். இந்த ஒரு தடவ நீங்க ஒத்தையில நின்னு காய்ச்சிக்கிடுங்க. பால்பவுடர் இருக்கும்லா? சர்க்கர போட்டுக்கிடுங்க. எந்தப் பக்கம் பொங்குச்சுன்னு எனக்குச் சொல்லணும். மறந்துராதீங்க."

திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் அழவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பதிவு 768, தொடர்ச்சி / 14:10

இறங்கிவிட்டேன். கப்பல் போய்விட்டது. பெட்டியை அவிழ்க்க மறந்துவிட்டேன். என் நல்ல வேட்டி சட்டையெல்லாம் வார் போட்ட இருக்கையில் அமர்ந்து பூமிக்குப் போகிறது.

பதிவு 769 / ஆவணி 8, காலை 06:30

திறந்த பாத்திரத்தில் எதையும் கொதிக்க வைக்கக் கூடாது என்பது நிலைய விதி. மூடியை எடுத்தேன். பால்பவுடரைக் கரைத்து மின்னடுப்பில் வைத்துவிட்டு எதிரே நின்றேன்.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. இங்கே குமிழி மேலே வராது, அடியிலேயே ஒட்டிக்கொண்டு பெருக்கும். பால் ஓரமாக ஏறிப் பார்த்துவிட்டு இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கத் தாமதித்தது. பிறகு திடீரென்று மொத்தப் பாலும் ஒரே உருண்டையாகப் பாத்திரத்தை விட்டு எழும்பி, என் முகத்துக்கு நேரே நின்று, உடைந்து, எல்லாப் பக்கமும் மெதுவாகச் சிதறியது. சுவர், கூரை, என் மீசை எங்கும் பால். அலாரம் ஊளையிட்டது.

"பொங்கிருச்சு!" என்று கத்தினேன். "சொர்ணம், பொங்கிருச்சு!"

அலாரத்தை நிறுத்தியபின் நிலையம் சத்தமே இல்லாமல் இருந்தது. கூரையில் ஒட்டியிருந்த பாலை விரலால் வழித்து நக்கினேன். சர்க்கரை போட மறந்திருந்தேன்.

எந்தப் பக்கம் என்று கேட்டாளே, இந்த அறைக்குள் கிழக்கு எது என்று எனக்குத் தெரியவில்லை. கணினியிடம் பூமி எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். சாமான் அறைச் சுவரைக் காட்டியது. அந்தச் சுவரிலும் பால் தெறித்திருந்தது. "உன் பக்கமாத்தான் பொங்குச்சு" என்று சொல்லி அனுப்பினேன்.

பதிவு 853 / கார்த்திகை 1, மாலை 18:00

நிலையம் சீர். குளம் சீர், பச்சை.

படுக்கையைக் குளத்தோரம் மாற்றிக்கொண்டேன். கம்பியின் படத்தை அங்கே ஒட்டியாயிற்று. காலையில் மீன்களோடு பேசுகிறேன். ஒன்றுக்குத் தலைமையகம் என்று பேர், கூப்பிட்டால் வராது. ஞாயிறு வகுப்பை இப்போது சொர்ணம் நடத்துகிறாள். "உங்க வரைபடமெல்லாம் எனக்கெதுக்கு? வாழ்க்க மாறிப்போச்சுன்னு வந்து அழுதாங்கன்னா, மொதல்ல பால் காய்ச்சுன்னு சொல்லுதேன். கேக்காங்க." கூட்டம் எனக்கு வந்ததைவிட அதிகமாம்.

சிரித்தேன். அவள் குரலுக்கு நாடி அடங்க நெடுநேரமானது. இன்னும் மல்லுக்கட்டுகிறது என்று நிம்மதியாக இருந்தது.

பதிவு 954 / மாசி 13, மாலை 18:40

சொர்ணத்தின் பேச்சு வந்தது. வழக்கம்போல நாடிக் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

முழங்கால் வலி என்றாள். கம்பியைப் பிடித்துத்தான் நடக்கிறாளாம். தென்காசியில் காலம் தப்பி நல்ல மழையாம். அதற்குப் பிறகு என்ன சொன்னாள் என்று எழுத வரவில்லை. பாதியில் எனக்குக் குளத்து வடிகட்டி நினைவு வந்து, அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்து கருவியைப் பார்த்தேன். அவள் பேசி முடிக்குமுன்பே நாடி அடங்கியிருந்தது.

கருவி பழுது என்று நினைத்தேன். கழற்றி மாட்டினேன். பழைய துண்டைப் போட்டேன். "என்னங்க, சாப்ட்டீங்களா? விளக்க அணைச்சிட்டுப் படுங்க." விருட்டென்று அடங்கியது. மறுபடி போட்டேன். விருட்டென்று.

கருவி பழுது இல்லை. சாய்ந்தபின் குளமும் இப்படித்தான் அடங்கியது.

இதை அவளிடம் சொல்லப்போவதில்லை. பேச்சை முதலில் இருந்து கேட்டு, முழங்காலுக்கு ஒத்தடம் கொடு என்று பதில் அனுப்ப வேண்டும்.

நிலையம் சீர். குளம் சீர். நான் நலம்.